நீலச் சுருளில் ஃபிலோமென்

ஃபிலோமென் கிஷாருக்கு நீந்தத் தெரியாது. அதனால்தான் அவள் நடிகை ஆனாள். இதைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் போகட்டும், அன்றைக்கு அவளுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் நான்.

1908ஆம் வருஷம். ஜுவான்வீலில், மார்ன் ஆற்றங்கரையில் இருந்த படக் கம்பெனியில் நாங்கள் நாற்பது பெண்கள் ஒட்டுக் கூடத்தில் வேலை பார்த்தோம். வெட்டிய படச்சுருளின் ஓரத்தைச் சுரண்டிப் பசை தடவி அடுத்த துண்டோடு சேர்த்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. பசைக்கு அழுகிய பேரிக்காயின் வாசனை. வீட்டுக்குப் போனாலும் உடம்பை விட்டுப் போகாது. என் புருஷன் உயிரோடு இருந்தவரை என்னைப் பழக்கூடை என்றுதான் கூப்பிட்டான்.

ஒருநாள் காலை டைரக்டர் தெலாபோர்த் கூடத்துக்குள் வந்து, நீந்தத் தெரியாத பெண் ஒருத்தி வேண்டும் என்றார். ஆற்றில் விழுந்து சாகிற வேஷம். நாடகத்திலிருந்து கூட்டிவந்தவள் நன்றாக நீந்துகிறவளாம். எவ்வளவு சொன்னாலும் தண்ணீரைக் கண்டதும் கை தானாக நீச்சல் அடித்துவிடுகிறதாம். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். ஃபிலோமென் கையைத் தூக்கினாள். பத்தொன்பது வயது. வாய்த்துடுக்குக்காக மேஸ்திரியம்மாவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள்.

"செத்துட்டா சாயங்காலம் ஒட்டு வேலை கெடையாதுல்ல?" என்று கேட்டுவிட்டு அவர் பின்னால் போனாள்.

சாகவில்லை. நான்கு ஆண்கள் இறங்கி இழுத்துப் போட்டார்கள். மறுவாரம் அந்தத் துண்டை நானே ஒட்டினேன். தண்ணீர் தலைக்கு மேல் போகுமுன் அவள் முகம் ஒரு நொடி நேராகக் காமிராவைப் பார்க்கும். அதில் நடிப்பு ஒன்றும் இல்லை, சாகப்போகிறோம் என்கிற பயம்தான். ஊர் ஊராக ஜனங்கள் அதைப் பார்த்து அழுதார்கள். அப்புறம் அவளை விடுவார்களா? இரண்டு வருஷத்தில் ஒன்பது தடவை ஆற்றில் போட்டார்கள். அந்த ஒன்பது முழுக்கில் அவள் தொண்டை கெட்டுக் கரகரத்துப் போயிற்று. யார் கவலைப்பட்டார்கள்? திரையில் தொண்டைக்கு என்ன வேலை?

பெயரையும் மாற்றினார்கள். சொலாஞ்ஜ் மார்வில். போஸ்டரில் அந்தப் பெயரைப் பார்த்து எங்கள் கூடமே சிரித்தது. எங்களுக்கு அவள் ஃபிலோதான். 1913இல் ரஷ்யாவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் அவளுக்குக் கடிதம் வந்தது. படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் என்னிடம் கொண்டுவருவாள். எனக்கு மட்டும் என்ன ரஷ்ய பாஷையா தெரியும்? இருவரும் ஆற்றங்கரைக் கடையில் பொரித்த மீனைத் தின்றுகொண்டு, அந்த எழுத்துகளைப் பார்த்து எங்கள் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்லிக்கொள்வோம். எல்லாக் கடிதமும் கல்யாணப் பேச்சிலேயே முடியும்.

கல்யாணம் நடக்கவில்லை. எதியென் என்கிற காமிராக்காரனோடு இருந்தாள். 1912இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது, நினெத். 1914இல் யுத்தம் தொடங்கிய முதல் மாதமே எதியென் போய்ச் சேர்ந்துவிட்டான். ஃபிலோ ஒரு நாள் அழுதாள், மறுநாள் படப்பிடிப்புக்குப் போனாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கண்ணாடிக் கூரை போட்ட அந்த ஸ்டுடியோவிலேயே நினெத் வளர்ந்தாள். முன்பாதத்தை முதலில் ஊன்றி, இடது தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நடப்பாள். யாராவது கூப்பிட்டால் நேராக வரமாட்டாள், பாதி வழியில் நின்று யோசித்துவிட்டுத்தான் வருவாள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அப்படி என்ன யோசனையோ, எங்களுக்கு அதைப் பார்ப்பதே ஒரு விளையாட்டு.

1917இல் ‘ஒலெரோன் தீவின் விதவை’ என்று ஒரு படம் எடுத்தார்கள். ஃபிலோதான் விதவை. அவள் குழந்தை கடலில் போய்விட்டதாக ஊரே நம்புகிறது. விதவை இருட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கதவு திறக்கிறது, குழந்தை கையில் விளக்கோடு உள்ளே வருகிறது. நடிக்க வந்த குழந்தை காமிராவைக் கண்டு வீறிட்டு அழுததில், தெலாபோர்த் பொறுமை இழந்து நினெத்தின் கையில் விளக்கைக் கொடுத்தார். நினெத் உள்ளே வந்தாள், பாதி வழியில் நின்றாள், யோசித்தாள், வந்தாள். மொத்தம் பதினோரு அடி. பிறகு யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றைச் செய்தாள். விளக்கைக் கீழே வைத்துவிட்டு, தன் கவுன் முனையை எடுத்து அம்மாவின் கண்ணைத் துடைத்தாள். அம்மா நிஜமாகவே அழுகிறாள் என்று நினைத்துவிட்டது அந்தக் குழந்தை.

அடுத்த வருஷம் அக்டோபரில் அந்த விஷக் காய்ச்சல் வந்தது. எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீட்டில் சாவு. நினெத்துக்கு மூன்றே நாள். ஆறு வயது முடிந்திருந்தது. ஃபிலோவுக்குச் சூப் வைத்துக் கொடுத்தேன், அவள் அதைத் தொடவில்லை.

போட்டோ இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன், வெள்ளிச் சட்டம் போட்டுக் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தாள். ஆனால் அவள் அதைப் பார்த்து நான் கண்டதில்லை. கேட்டபோது சொன்னாள், "போட்டோவுல நிக்கிறாடி. எங்கிட்ட நின்ன புள்ளையா அது? எனக்கு அவ நடக்கணும்." அதனால் அந்தப் படம் எங்கே ஓடினாலும் போனாள். பத்து நிமிடம் முன்னால் நுழைந்து, அந்தக் காட்சி முடிந்ததும் வெளியே வந்துவிடுவாள். பிரிண்டுகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. கடைசியாக 1922இல் மோந்த்ரேய் சந்தைக் கொட்டகையில் ஓடியபோது நானும் கூடப் போனேன். கீறல் மழையாகக் கொட்டியது. பதினோரு அடியில் நான்கு அடி அறுந்து போயிருந்தது. அதற்கப்புறம் எங்கேயும் ஓடவில்லை. மிஞ்சியது கம்பெனிக் கிடங்கில் இருந்த நெகட்டிவ் மட்டும்.

பிறகு பேசும் படம் வந்தது. ஃபிலோவைக் கூப்பிட்டுக் குரல் பார்த்தார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் போனதும், குரலைப் பதிந்த வாலிபன் தவளை என்று சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தத் தொண்டையை அவர்கள்தானே ஆற்றில் முக்கிக் கெடுத்தார்கள்? அவள் நோஷானில் ஒரு சினிமாக் கொட்டகையில் இடம் காட்டும் வேலைக்குப் போனாள். டார்ச் அடித்து ஜனங்களை வரிசை வரிசையாக உட்கார வைத்தாள். அவளைப் பார்த்து அழுதவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலி தேடினார்கள், ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதைப்பற்றி அவள் ஒரு தடவைகூட முனகியதில்லை. சொலாஞ்ஜ் மார்வில் இருந்தால் என்ன, போனால் என்ன என்பதுபோலத்தான் இருந்தாள்.

ஒட்டுக் கூடத்தையும் மூடினார்கள். என்னைக் கழுவும் கொட்டகைக்கு மாற்றினார்கள். ஊமைப் படங்களைக் கம்பெனி இனி வைத்திருக்கப் போவதில்லை. சோடா போட்ட கொதிநீர்த் தொட்டியில் சுருளை முக்கினால் இரண்டு நிமிடத்தில் படம் கரைந்து கறுப்புத் தண்ணீராகப் போய்விடும். அதிலிருந்து வெள்ளி எடுப்பார்கள். வெறும் செல்லுலாய்டைச் சீப்புக்காரனும் வார்னிஷ்காரனும் வாங்கிப் போவான். எங்கள் கொட்டகையில் ஒருத்தி தலை வாரினால் மற்றவள், "இன்னிக்கு எந்தக் கதாநாயகி உன் தலையில?" என்று கேட்பாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது.

1930, மார்ச் மாதம். அந்த வாரம் கழுவ வேண்டிய படங்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். செவ்வாய்க்கிழமைக்கு நேராக ‘ஒலெரோன்’ என்று இருந்தது. அன்று சாயங்காலமே நோஷானுக்கு நடந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். இப்போதும் அதை நினைக்கிறேன். அவளுக்குத் தெரியாமலே போயிருக்கும், எங்கோ ஒரு டப்பாவில் நினெத் நடந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே செத்திருப்பாள். ஆனால் நான் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவள் மேனேஜரைப் பார்க்க வந்தாள். நல்ல தொப்பி போட்டிருந்தாள், பழைய நாளில் வாங்கியது. படம் முழுவதும் வேண்டாம், ஒரு நிமிடத் துண்டு போதும் என்று கேட்டிருக்கிறாள். எல்லாம் எடை போட்டு விற்றாகிவிட்டது என்றானாம் அவன். அவள் மண்டியிட்டிருக்கிறாள். அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவள்தான் எனக்குச் சொன்னாள். மேனேஜர் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எந்திரிங்க மதாம். வர்றவங்க எல்லாருக்கும் ஒரு துண்டு குடுத்தா நான் எதத்தான் விக்கிறது?" என்றானாம்.

அன்று சாயங்காலம் அவள் என் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. திருடச் சொல்கிறாள் என்று வாயைத் திறக்குமுன்பே தெரிந்தது. வாயிற்காவலன் பெண்களின் பையைக் கொட்டிப் பார்ப்பான். படச்சுருள் துண்டு வைத்திருந்து பிடிபட்ட ஒருத்தியைப் போன மாதம்தான் துரத்தியிருந்தார்கள். நான் விதவை, எனக்கு வேறு பிழைப்பு இல்லை. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினாள், ஆனால் போகவில்லை. கடைசியில் ஒரே ஒரு சுருள் என்றேன். இடுப்பில் கட்டிக்கொண்டு ஒன்றைத்தான் வெளியே கொண்டுபோக முடியும்.

எங்கள் நாளில் நெகட்டிவைக் கதை வரிசையில் வைத்திருக்க மாட்டார்கள். நிறவாரியாகச் சுற்றி வைப்பார்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்த படத்துக்குச் சாயம் ஏற்றுவார்கள்: ராத்திரிக்கு நீலம், விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள், விடியலுக்கு ரோஸ், வெட்டவெளிக்குச் சாயமில்லாமல் வெள்ளை. ராத்திரிக் காட்சியையும் பட்டப்பகலில்தான் எடுப்பார்கள், நீலம்தான் அதை ராத்திரியாக்கும். ஒரே நிறத் துண்டுகள் ஒரே சுருளில் இருந்தால் அதிலிருந்து எடுக்கும் பிரிண்டை ஒரே தொட்டியில் சாயம் போடலாம். அப்புறம் நாங்கள் அறுத்துக் கதை வரிசைக்கு ஒட்டுவோம். ஆக, ‘ஒலெரோன்’ நான்கு டப்பாவாக இருந்தது. நான்கில் எது?

"எந்த டப்பாடி?" என்று நான் கேட்டேன்.

"ராத்திரி சீன்தானே. நான் இருட்டுலதான உக்காந்திருப்பேன். நீலம்."

"நீலந்தான்," என்றேன் நானும்.

அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இருபது வருஷம் இந்த வேலை பார்த்தவள். ராத்திரி என்றால் நீலம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வேலை தெரியாத ஒருத்தியாக இருந்தால் பதறிப் போய், நாலில் எதையாவது பிரித்துப் பார்க்க வழி தேடியிருப்பாள். எனக்குத் தெரியும் என்பதால் நான் தேடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை டப்பாக்கள் வந்தன. நான்கின் மூடியிலும் நிறத்தின் பெயர் சாக்கட்டியில் எழுதியிருந்தது, அதில் ஒன்று என் கையெழுத்தேதான். மூடிகளைத் திறந்து, மேஸ்திரி அடுப்பைப் பார்க்கத் திரும்பியபோது நீலச் சுருளை எடுத்து மேலங்கிக்குள் செருகி, வயிற்றோடு துணியால் கட்டினேன். மத்தியானம் சூப் குடிக்க வெளியே விடும்போது வாயிற்காவலன் பையைக் கொட்டிப் பார்த்தான். "உடம்பு வச்சிடுச்சே எர்னெஸ்தீன்," என்றான். உன் பெண்டாட்டி சமையலைத் தின்றால் எனக்கு இப்படி வைக்காது என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஃபிலோ பாலத்தடியில் காத்திருந்தாள். வாங்கி மேலங்கிக்குள் வைத்துக்கொண்டாள், என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். நாற்பத்தோரு வயதுக்காரி ஓடினாள்.

மத்தியானம் வேலைக்குத் திரும்பி மற்ற மூன்று சுருளையும் நானே தொட்டியில் போட்டேன். மனசு லேசாக இருந்தது. ஏதோ ஒரு பழைய நடனப் பாட்டை முணுமுணுத்ததும் நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜனங்கள் வருமுன், அவள் வேலை பார்த்த கொட்டகையில் அதைப் போட்டுப் பார்த்தோம். மெஷின் ஓட்டும் கிழவர் ஒனொரே முதலில் மறுத்தார். சுருங்கிப் போன நெகட்டிவ், மாட்டிக்கொண்டால் தீப்பிடித்துக் கொட்டகையே போய்விடும் என்றார். ஃபிலோ அவர் கையைப் பிடித்துக்கொண்டதும் சரி என்றார். நெகட்டிவ் என்பதால் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், இருட்டு வெள்ளையாகவும் முகம் கறுப்பாகவும். பரவாயில்லை, நடை நடைதானே என்றாள் அவள். முதல் வரிசையில் உட்கார்ந்தோம்.

கடல் வந்தது, மைபோலக் கறுத்த வானத்தின் கீழ் படகுகள் வந்தன. யாரோ ஓடினார்கள். பிறகு அந்த வீடு. வெள்ளை வெளேரென்று ஒரு அறை, நடுவில் கறுத்த முகத்தோடு ஃபிலோ உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த ஃபிலோ என் கையை எலும்பு நொறுங்கும்படி பிடித்தாள். திரையில் இருந்தவள் தலையைத் தூக்கினாள். கதவில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விழுந்தது. கதவு திறக்கிறது.

மறுபடி கடல்.

கிழவர் அறுந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தினார். அறுந்திருக்கவில்லை. "இன்னொரு தடவை போடுங்க," என்றாள் அவள். அவர் திருப்பிச் சுற்றிப் போட்டார். தலையைத் தூக்கினாள், கோடு விழுந்தது, கடல். மூன்றாவது தடவை அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அது விளக்கு வெளிச்சம். குழந்தை விளக்கோடு வருகிறது. விளக்கு உள்ளே வந்த நொடியிலிருந்து அறை மஞ்சள். கதவு திறக்கும் இடத்தில் நீலத்தை அறுத்து மஞ்சளை ஒட்டுவோம். எத்தனையோ பிரிண்டுகளில் அந்த ஒட்டைப் போட்டவள் நான். என் விரலுக்குத் தெரிந்தது என் புத்திக்கு வரவில்லை.

சொல்லித்தான் ஆக வேண்டும். "விளக்குடி ஃபிலோ, அவ விளக்கோட வர்றா, அங்கேருந்து மஞ்சள்," என்றேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"மஞ்சள் எங்க இருக்கு?"

"செவ்வாக்கிழமை மத்தியானம். நான்தான் போட்டேன்."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் கையை விட்டாள், எழுந்து போய், மதியக் காட்சிக்கு நாற்காலிகளை நேராக்கத் தொடங்கினாள். நான் வரிசை வரிசையாக அவள் பின்னாலேயே போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுவதும் நான் தூங்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துத் தொலையலாமா என்றுகூட இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பாலத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அதே நீலச் சுருளை என் கையில் கொடுத்தாள்.

"இதையும் போட்டுடு."

மாட்டேன் என்றேன். உலகத்தில் உன் படம் என்று மிச்சம் இருப்பது இது ஒன்றுதான் என்றேன். ஒரு வாரமாக விசாரித்திருந்தேன், மற்றதெல்லாம் போயிருந்தது. ஆறு நிமிடம் இருக்கிறது, அதில் இரண்டு நிமிடம் நீ இருக்கிறாய், யார் பார்த்தாலும் கலங்கிப் போவார்கள் என்று கெஞ்சினேன். பொய் இல்லை. அந்தத் தலைகீழ் வெளிச்சம்கூட அவள் உட்கார்ந்திருந்த விதத்தைக் கெடுக்கவில்லை.

"அவ வரப்போறான்னு தெரியாமத்தான் அன்னிக்கு அப்படி உக்காந்தேன். டைரக்டர் எங்கிட்டச் சொல்லவே இல்லை, கதவு தொறந்தப்பத்தான் தெரிஞ்சுது," என்றாள் அவள். "இப்ப எத்தனை தடவை போட்டாலும் கதவு தொறக்குது, அவ வர்றதில்லை. இத வீட்டுல வச்சிக்கிட்டு நான் எப்படிடி இருக்கிறது?"

வாங்கிக்கொண்டேன். அன்று மத்தியானமே போட்டேன். உள்ளே கொண்டுவரும்போது காவலன் பார்க்கவில்லை, உள்ளே கொண்டுவருகிறவர்களை யார் பார்ப்பார்கள்? இரண்டு நிமிடத்தில் வெளுத்துவிட்டது.

ஃபிலோ இன்னும் ஆறு வருஷம் இருந்தாள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையில் மீன் தின்றோம், அதைப்பற்றி மட்டும் பேசவில்லை. 1936 குளிரில் நெஞ்சுச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்தாள். நினெத்தின் பக்கத்திலேயே புதைத்தோம்.

மறுவருஷம் பழைய படங்களைத் தேடிச் சேர்க்கிற சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சொலாஞ்ஜ் மார்வில் பெரிய நடிகை என்று எனக்கே வகுப்பு எடுத்தார்கள். ஒரு அடிகூடவா மிஞ்சவில்லை மதாம் என்று ஒருவர் கண் கலங்கக் கேட்டார். கம்பெனி எல்லாவற்றையும் கழுவிவிட்டது என்றேன். கம்பெனியைக் கொலைகாரர்கள் என்று திட்டினார்கள். நான் காப்பி ஊற்றிக் கொடுத்தேன், அவர்கள் எழுதிக்கொண்டதை நான் திருத்தவில்லை.